தலைசாய்க்க ஓர் இடம்: அருளாளர் அடோல்ஃப் கோல்பிங்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது, வாடகைக்கு விடப்பட்டிருக்கும் மாடி அறைகளையும் நாம் பார்க்கிறோம். ஒரே அறையில் பலர். பகல் ஷிப்டுக்குப் போகிறவர் எழுந்த பாயில், இரவு ஷிப்டு முடித்து வந்தவர் படுக்கிறார். ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் இல்லை, அறையும் இல்லை. இவர்களில் சிலர் மதுவுக்கும் கஞ்சாவுக்கும் அடிமையாகிவிட்டதாகக் கேள்விப்பட்டால், கெட்டுப்போன பிள்ளைகள் என்று எளிதாகத் தீர்ப்பிட்டுவிடுகிறோம். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இத்தகைய காட்சியைக் கண்ட ஒரு குரு, வேறு விதமாகச் சிந்தித்தார்.

1813 டிசம்பர் 8 அன்று, ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகிலுள்ள கெர்பன் என்னும் சிற்றூரில், ஓர் ஆட்டு மேய்ப்பரின் மகனாகப் பிறந்தார் அடோல்ஃப் கோல்பிங். படிக்க ஆசை இருந்தும் வறுமை விடவில்லை. சிறு வயதிலேயே செருப்புத் தைக்கும் தொழிலுக்குச் சென்று, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்தார்.

முன்பெல்லாம் தொழில் செய்யும் இளைஞன் தன் முதலாளியின் வீட்டிலேயே தங்கி, அக்குடும்பத்தோடு உணவருந்தினான். தொழிற்சாலைகள் பெருகியபோது அந்த வீடு அவனுக்கு இல்லாமற் போனது. ஊர் ஊராக அலைந்து, நெருக்கடியான விடுதிகளில் படுத்தான். மாலையில் உட்காரக் கிடைத்த இடம் மதுக்கடைதான். அங்கே வெளிச்சம் இருந்தது, குளிருக்கு இதமிருந்தது, பேச்சுத்துணை இருந்தது. கூடவே குடியும் இருந்தது. இவற்றையெல்லாம் கோல்பிங் அவர்களோடு வாழ்ந்து கண்டவர்.

23 வயதில் சிறுவர்களோடு பள்ளியில் அமர்ந்து படித்தார். 1845 ஏப்ரல் 13 அன்று குருவானார். அதற்கு முந்தைய இரவுதான் அவருடைய தந்தை இறந்திருந்தார். நெசவுத் தொழில் நகரமான எல்பர்ஃபெல்டில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியேற்றார். அங்கே பிரோயர் என்ற ஆசிரியர் 1846-இல் இளம் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு கோல்பிங் அதன் தலைவரானார். 1849 மே 6 அன்று கொலோனில் ஏழு இளைஞர்களோடு ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1853-இல் அவர்களுக்கென்று ஒரு வீடு கிடைத்தது.

வெளியூரிலிருந்து வரும் இளைஞனுக்கு அங்கே படுக்கை உண்டு, உணவு உண்டு. மாலையில் பாடங்களும் பாட்டும் செபமும் உண்டு. பெயர் சொல்லி விசாரிக்கும் ஒரு தந்தையும் உண்டு. குடிக்காதே என்று கண்டிப்பதோடு நின்றுவிடாமல், மதுக்கடை தந்ததைவிட நல்ல ஓர் இடத்தைத் தந்தார் அவர். 1865 டிசம்பர் 4 அன்று 51 வயதில் அவர் இறந்தபோது, நானூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள் உருவாகியிருந்தன. 1991 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

வீடு கிடைத்தால் மட்டும் போதை விலகிவிடும் என்று சொல்ல முடியாது. வசதியான வீட்டிலும் குடி நுழைகிறது. ஆனால் நாளை எங்கே படுப்போம் என்று தெரியாதவனுக்கு, திருந்தி வாழ்வது இருமடங்கு கடினம். சிகிச்சை முடித்து வருபவன் பழைய அறைக்கும் பழைய கூட்டத்துக்கும்தானே திரும்புகிறான்?

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இது நல்ல தொடக்கம். ஆனால் மற்றவர்கள்? அவர்களில் பலர் தங்கியிருப்பது நம்முடைய மாடிகளில்தான். நாம் வாங்கும் முன்பணம் நியாயமானதா? ஓர் அறையில் எத்தனை பேரை அடைக்கிறோம்? ஒரு மாத வாடகை தவறினால் பெட்டியை வெளியே வைக்கிறோமா? வேறு மொழி பேசுகிறவன் என்று கதவை மூடுகிறோமா? மாலையானதும் நம் பங்கு மண்டபங்களும் பூட்டப்படுகின்றன; சாலையோர மதுக்கடை திறந்திருக்கிறது. இதற்கு மேய்ப்பர்களாகிய நாமும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பெத்லகேமில் இடமின்றித் தவித்த சூசையப்பரே கோல்பிங் சங்கத்தின் பாதுகாவலர். இந்த வாரம் நம் மாடியில் வாழும் ஒரு பிள்ளையின் பெயரையாவது கேட்டு அறிவோம். ஞாயிறு மதியம் நம்மோடு சாப்பிட அழைப்போம்.

அருளாளர் அடோல்ஃப் கோல்பிங்கே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!