லிட்டன் பிரபுவும் ஆயுதச் சட்டமும்

1876 முதல் 1880 வரை இந்தியாவின் ராஜப்பிரதிநிதியாயிருந்த லிட்டன் பிரபு, 1831-ல் லண்டனில் பிறந்தவர். நாவலாசிரியரின் புதல்வர், தாமும் கவி பாடியவர். எனினும் கவிக்குரிய இரக்கம் அவரது ஆட்சியில் தென்படவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், கல்லாவி அந்நாளில் அடங்கியிருந்த சேலம் ஜில்லா உள்ளிட்ட சென்னை ராஜதானியில் ஜனங்கள் மடிந்துகொண்டிருக்கையில், 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் ஆடம்பர தர்பார் நடத்தினார்.

1878-ல் சுதேச பாஷைப் பத்திரிகைகளை அடக்க ஒரு சட்டமும், ஜனங்களை நிராயுதபாணிகளாக்க ஆயுதச் சட்டமும் பிறந்தன. வேட்டையாட வந்த வெள்ளையருக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. காட்டுப்பன்றியினின்று கேழ்வரகுக் கொல்லையைக் காக்க விழித்திருந்த குடியானவனுக்கோ லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை திருத்தம் கோரியும் இப்பேதம் உடனே ஒழியவில்லை.

பத்திரிகைச் சட்டத்தை 1882-ல் ரிப்பன் பிரபு ரத்து செய்தார். லிட்டன் 1891-ல் பாரிஸ் நகரில் காலமானார். அவரது ஆயுதச் சட்டமோ அவரையும் ஆங்கில ஆட்சியையும் கடந்து உயிர்வாழ்ந்தது. அதற்கு மாற்றாகப் புதுச்சட்டம் இயற்ற 1959 வரை நாமே தாமதித்தோம். பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் பெற அச்சட்டம் வகை செய்தது.

ஆயுதத்திற்கு லைசென்ஸ் வேண்டுமென்பது அநீதியன்று. ஆளின் நிறம் பார்த்து அதைக் கேட்டதே அநீதி.