கிறே பிரபுவும் செம்மார்புக் குருவியும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த வரலாற்றை நான் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். ஒருநாள் வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, போர்வையைப் பெற்ற மயில் அதனை என் செய்யும் என்று வினவினான். வரையறையின்றி வழங்குதலைக் கொடைமடம் என்று சான்றோர் பாராட்டியதை எடுத்துரைத்தேன். அவன் அமர்ந்தானேயன்றி ஐயம் நீங்கினானல்லன். பறவைக்கு வேண்டுவது யாதென அறிந்து ஈந்தார் எவரேனும் உளரோ என்பதே அவன் நெஞ்சில் எஞ்சிய வினா.

அவ்வினாவுக்குரிய விடையைப் பின்னர் ஒரு நிழற்படத்திலே கண்டேன். ஸ்கொத்லாந்து நாட்டு இயற்கை எழுத்தாளர் சீற்றன் கோடன் எடுத்த படம் அது. முதியவர் ஒருவர், அவர் தலையிலே தொப்பி, தொப்பியின்மேல் அச்சமின்றி அமர்ந்திருக்கும் ஒரு சிறு பறவை. அம்முதியவரே எட்வேர்ட் கிறே பிரபு. முதலாம் உலகப்போர் மூண்டபொழுது பிரித்தானியாவின் வெளிநாட்டமைச்சராயிருந்தவர் என உலகம் அவரை அறியும்.

கிறே 1862ஆம் ஆண்டு பிறந்தார். இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நோதம்பர்லாந்திலே பலோடன் என்னும் இடத்தில் அவர்தம் முன்னோரின் மனை இருந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே கல்வியிற் கருத்தின்றி இருந்தமையால் 1884இல் அவர் வெளியேற்றப்பட்டார். மீண்டு சென்று தேர்வெழுதி மூன்றாந் தரத்திலேயே தேறினார். அப்பல்கலைக்கழகமே 1928இல் அவரைத் தன் வேந்தராக்கிற்று. மாணவரை விரைந்து அளந்துவிடும் ஆசிரியராகிய நாம் இதனை மறத்தலாகாது.

நூலிற் செல்லாத அவர் மனம் பறவைகள்பாற் சென்றது. வெளியேற்றப்பட்ட அதே 1884இலேதான் பலோடனில் நீர்ப்பறவைகளை வளர்க்கத் தொடங்கினார். 1885இல் பாராளுமன்றம் புகுந்தார். 1905 இறுதியில் வெளிநாட்டமைச்சரானார். பதவியேற்றுச் சில வாரங்களே சென்ற நிலையில், 1906 பெப்ரவரியில், அவர் மனைவியார் டொறதி குதிரைவண்டி விபத்தில் உயிர் துறந்தார். பறவைகளைக் காண்பதிலே கணவருக்கு இணையாக நின்றவர் அவ்வம்மையார். துணையிழந்த கிறே பதினோராண்டு அப்பதவியின் சுமையைத் தாங்கினார். 1910 யூன் மாதத்தில், அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற்றுடன் தென்னிங்கிலாந்தில் ஒருநாள் நடந்து, நாற்பது வகைப் பறவைகளைக் கண்டும் இருபதுக்கு மேற்பட்டவற்றின் பாட்டைக் கேட்டும் மகிழ்ந்தார்.

1914ஆம் ஆண்டு அவருக்கு இரு பேரிடிகளைக் கொணர்ந்தது. ஒன்று போர். அதனைத் தடுக்க அவர் செய்தவை போதுமோ போதாவோ என வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர். மற்றொன்று கண். அவ்வாண்டிலேயே பார்வை பெரிதும் மங்கத் தொடங்கிற்று. 1916இல் பதவி நீங்கிப் பலோடன் மீண்டபொழுது, எழுத்தைப் படித்தலும் தொலைவிலுள்ள சிறு பறவையை இனங்காண்டலும் அவர்க்கு அரியவாயின. விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை முதுமையிலே கற்றார். வாழ்நாள் முழுதும் பறவைகளைக் கண்டு களித்தவர்க்கு இதனினும் கொடிய இழப்பு வேறு யாது?

தாம் பறவைகளிடம் செல்லவியலாத நிலையில், பறவைகள் தம்மிடம் வரும் வழியை அவர் அறிந்திருந்தார். அதற்குரிய காலம் மாரி. அவ்வடபுலத்திலே மார்கழி மாதத்துப் பகல் ஏழு மணிநேரமே. உறைந்த மண்ணுள் அலகு செல்லாது, பூச்சிகள் மறைந்துவிடும். றொபின் எனப்படும் செம்மார்புக் குருவியின் நிறையோ இருபது கிராமுக்கும் குறைவு. குறும்பகலில் தேடிய இரையைக்கொண்டு பதினேழு மணிநேர இரவின் குளிரை அது கடத்தல் வேண்டும். அதற்கு வேண்டுவது போர்வையன்று. கொழுத்த ஒரு புழு.

கிறே ஒரு சிறு சிமிழிலே மாப்புழுக்களை எடுத்துச் செல்வார். முதலில் குருவியின்முன் ஒன்றிரண்டைத் தரையில் எறிவார். அது அஞ்சாது உண்ணப் பழகியபின் சிமிழைத் தரையில் வைப்பார். அடுத்து, முழந்தாளிட்டுக் கையைத் தரையில் விரித்து, உள்ளங்கையிற் சிமிழை ஏந்தி அசைவற்றிருப்பார். இப்படியே அரியது, குருவி அணுகும், விலகும், மீண்டும் அணுகும். ஒருமுறை கையில் ஏறிவிட்டதாயின், பின் அவர் எழுந்து நின்று கைநீட்டினாலும் பறந்து வந்தமரும். கடுங்குளிரிலே சில நாட்களில் இது கைகூடும்.

இவ்வினத்தில் ஆணும் பெண்ணும் மாரிக்காலத்தில் தனித்தனி நிலப்பகுதி வகுத்து, பாட்டினாலும் போரினாலும் அதனைக் காக்கும். ஆதலின் ஓரிடத்துக் கையில் வந்தமர்வது பெரும்பாலும் அவ்விடத்துக்குரிய குருவியே. சிறகிலே வெள்ளிறகொன்று உடையதாகிய ஒரு குருவியை அவர் தனித்தறிந்து பேணினார். தொலைவிலுள்ளவை மங்கிய கண்ணுக்குக் கைத்தலத்தின் செம்மார்பு அண்மையிலிருந்தது. அன்றியும் அதன் மெல்லிய நகத்தின் பற்றை உணர்தற்குக் கண் வேண்டா. இவ்வனுபவங்களைப் பறவைப்பாடல்கள் பற்றிய தம் நூலில் 1927இல் வெளியிட்டார்.

கிறே 1933 செப்தெம்பரில் மறைந்தார். 1937இல் சீற்றன் கோடன் அவரையும் அவர்தம் பறவைகளையும் பற்றி நூலொன்று வெளியிட்டார். 1938இல் ஒக்ஸ்போர்ட்டிலே அவர் பெயரால் பறவையாராய்ச்சி நிலையமொன்று எழுந்தது. 1945இல் அதன் தலைமையேற்ற டேவிட் லக், செம்மார்புக் குருவியின் வாழ்வை ஆராய்ந்து 1943இலேயே நூல் எழுதியவர். மூன்றாந் தரத்தில் தேறிய மாணவர் பெயரால் அவ்விடத்திலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குவது எத்துணை வியப்பு!

சென்ற ஆண்டு என் கண்களிலும் புரை படர்ந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் சில மாதங்கள் என்னால் நூலைப் படிக்க இயலவில்லை. அப்பொழுது நாள்தோறும் அருகிருந்து எனக்குப் படித்துக் காட்டியவன், மயில் போர்வையை என் செய்யும் என்று வினவிய அம்மாணவனே. பார்வை மீண்டபின் அந்நிழற்படத்தை அவனிடம் காட்டினேன். தொப்பிமேலிருக்கும் குருவியை அம்முதியவரால் காணவியலாதே என்று அவன் வருந்தினான். அது வந்தமர்ந்ததை அவர் அறிவார் என்றேன். வேண்டுவதை அறிந்து ஈவார்க்கு அவ்வறிவு போதும். பேகனையும் கிறேயையும் இப்பொழுது ஒரே பாடவேளையில் கற்பிக்கின்றேன்.