சேர். பொன்னம்பலம் அருணாசலம்

கலைப்பயிற்சியை மேலும் தொடர விரும்பும் மாணவருக்குப் பொருளுதவி எங்கே கிடைக்குமென நம் ஆசிரியர் பலர் வினவுகின்றனர். அது குறித்து இப்பெரியார் சரிதம் ஈண்டு எழுதப்படுகின்றது.

இவர் 1853ஆம் ஆண்டு கொழும்பிலே செல்வமிக்க சைவக்குடியிற் பிறந்தார். கல்வியிற் சிறந்து, 1870ஆம் ஆண்டில் அரசினர் புலமைப்பரிசிலைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். வறியராயின் அப்பரிசிலின்றி அக்கரை கண்டிருப்பாரோ? கடல் கடந்து கற்கும் பேறு மிகச் சிலர்க்கே வாய்த்தது. இலங்கையிலோ அன்று சர்வகலாசாலை இல்லை. 1875இல் சிவில் உத்தியோகம் பெற்றபின்னும் இவர் அக்குறையை மறந்தாரல்லர்.

1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியிலே முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. ஆளில்லா மணற்கரை ஓலைக்குடில்கள் நிறைந்த பட்டினமாயிற்று. குளிப்போர்க்கு மூன்றிலொரு பங்கு; எஞ்சியது அரசினர்க்கு. அவ்வொரு பருவத்தில் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய் திறைசேரி புகுந்தது. அதிற் சிறு கூறேனும் நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கு நிலைநிதியாக வைக்கப்பட்டிருப்பின்! பொருள் இருந்தது; மனம் இருந்திலது என்பதே நம் துணிபு.

மறுவருடம், 1906இல், அருணாசலம் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கினார். தாய்மொழிகளைப் புறக்கணிக்கும் கல்வியை இவர் கண்டித்தார். மணிவாசகர் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்துப் பிறநாட்டார்க்கும் அளித்தார்.

1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதைக் கண்டார். 1924ஆம் ஆண்டு தலயாத்திரை சென்றவிடத்து மதுரையிலே சிவபதமடைந்தார். முழுப் பல்கலைக்கழகம் 1942இலேயே உண்டாயிற்று. பேராதனையில் மாணவர் விடுதியொன்று இவர் பெயர் தாங்கி நிற்கின்றது.