ராஸ்முஸ் ராஸ்க்

ராஸ்முஸ் கிறிஸ்டியன் ராஸ்க் (நவம்பர் 22, 1787 - நவம்பர் 14, 1832) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் ஆவார். ஒப்பீட்டு மொழியியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். ஸ்காண்டிநேவிய மொழிகளில் தொடங்கிய இவரது ஆய்வு இவரைத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்தது.

இளமையும் கல்வியும்

ராஸ்க், பியூன் தீவில் ஓடென்ஸ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். ஓடென்ஸ் பள்ளியில் பயின்றபோது, நார்வே மன்னர்களின் வரலாற்றைக் கூறும் ஹெய்ம்ஸ்கிரிங்லா என்னும் பழைய ஐஸ்லாந்திய நூல் இவருக்குப் பரிசாகக் கிடைத்தது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, அம்மொழியின் இலக்கணத்தைத் தாமே கண்டறிந்தார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கற்ற இவர், 1811 ஆம் ஆண்டில் ஐஸ்லாந்திய மொழி இலக்கணத்தை வெளியிட்டார்.

1813 முதல் 1815 வரை ஐஸ்லாந்தில் தங்கினார். அங்கு டேனிய மொழியின் செல்வாக்கு பெருகியிருந்ததைக் கண்டு, ஐஸ்லாந்திய மொழி அழிந்துவிடுமோ என அஞ்சினார். அதனைக் காக்கும் நோக்குடன் 1816 இல் ஐஸ்லாந்திய இலக்கியக் கழகம் தோன்ற முதன்மைக் காரணமாக இருந்தார்.

மொழி ஒப்பீடு

பழைய நோர்டிக் மொழியின் தோற்றம் குறித்த இவரது ஆய்வு நூல் 1818 இல் வெளிவந்தது. மொழிகளின் உறவை அறியச் சொற்களின் ஒற்றுமை மட்டும் போதாது. சொற்கள் எளிதில் கடன் பெறப்படுவதால் இலக்கண அமைப்பையும் ஒலிகளின் ஒழுங்கான மாற்றத்தையும் நோக்க வேண்டும் என்பது இவரது கொள்கை. எடுத்துக்காட்டாக, தந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான பாட்டெர் என்பதில் உள்ள பகரம், ஐஸ்லாந்திய மொழியின் ஃபாதிர் என்ற சொல்லில் ஃபகரமாகிறது. இத்தகைய மாற்றங்களை ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் 1822 இல் விரிவாக முறைப்படுத்தியதால், அவை கிரிம் விதி என்றே பெயர் பெற்றன.

கிழக்குப் பயணம்

1816 இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ராஸ்க், சுவீடன், ரஷ்யா, பாரசீகம் வழியாக 1820 இல் பம்பாயை அடைந்தார். பின்னர் சென்னைக்கும், அப்போது டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடிக்கும் வந்து, இலங்கை சென்றார். பயணத்தின்போது நோயாலும் மனச்சோர்வாலும் துன்புற்றார். ஆயினும் பாளி, சிங்களம் ஆகிய மொழிகளைக் கற்றார். சிங்கள எழுத்துமுறை பற்றிய இவரது நூல் கொழும்பில் அச்சாகியது. 1823 இல் அரிய ஓலைச் சுவடிகளுடனும் கையெழுத்துப் பிரதிகளுடனும் நாடு திரும்பினார்.

தமிழ் முதலிய தென்னிந்திய மொழிகள், பின்னியம், துருக்கியம் முதலியவற்றை உள்ளடக்கிய சிதிய மொழிகளுடன் தொடர்புடையவை என ராஸ்க் கருதினார். இக்கருத்தை முதலில் கூறியவர் இவரே எனக் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் (1856) குறிப்பிட்டுள்ளார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் 1816 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். சிதியத் தொடர்பை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை.

இறுதிக் காலம்

1825 இல் இலக்கிய வரலாற்றுப் பேராசிரியரான ராஸ்க்குக்கு, அவர் விரும்பிய கீழைத்தேய மொழிகளுக்கான பேராசிரியர் பதவி 1831 இலேயே கிடைத்தது. மறு ஆண்டே காசநோயால் தமது 44 ஆவது வயதில் காலமானார். கோப்பன்ஹேகனில் உள்ள இவரது கல்லறையில் அரபு, சமஸ்கிருதம், ஐஸ்லாந்தியம், டேனியம் ஆகிய நான்கு மொழிகளில் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன.