துட்டகைமுனுவின் துயிலா இரவு

வாகை சூடிய வேந்தனைப் பாடுதல் புலவர்க்கு எளிது; வென்ற பின்னர் அவன் நெஞ்சு பட்ட பாட்டைப் பாடுதல் அரிது. கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மகாநாம தேரர் பாளி மொழியில் யாத்த மகாவம்சம் அவ்வரிய செயலைச் செய்திருக்கின்றது. அக்காவியத்தின் பெருந்தலைவன் துட்டகைமுனு. ஒரு சாரார்க்குக் குலவீரனாகவும் மறு சாரார்க்கு மாற்றானாகவும் விளங்கும் அம்மன்னனைத் துயருற்ற மனிதனாக அறிந்தோர் சிலரே.

உறுகுணை நாட்டு மாகமையில் அரசிருந்த காவந்தீசனுக்கும் விகாரமாதேவிக்கும் மைந்தனாகப் பிறந்தான் கைமுனு. ஒருபுறம் தமிழரும் மறுபுறம் கடலும் நெருக்குவதாக எண்ணி, இளமையிலேயே கைகால் முடக்கிப் படுத்தான் என்பர். போருக்கு விடை தராத தந்தைக்குப் பெண்டிர் அணியும் அணிகலனை அனுப்பி இகழ்ந்தான். தந்தையின் சினத்துக்கு அஞ்சி மலைநாட்டில் மறைந்தான். அதனால் துட்டன் என்னும் அடை அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தந்தை இறந்தபின் அவன் முதலிற் பொருதது தமிழரோடு அன்று; உடன்பிறந்த தம்பி சத்தாதீசனோடு. ஊவாவில், புத்தலவை அடுத்த யுதகனாவையே அக்களம் என்பது வழிவழி வந்த செய்தி. முதற்போரில் ஆயிரக்கணக்கான வீரரைப் பலிகொடுத்துக் குதிரை ஏறி ஓடினான், மறுபோரில் வென்றான். துறவியர் இடைநின்று இருவரையும் இணக்கினர்.

பின்னர்ப் படை வடக்கே திரும்பிற்று. பதுளையிலிருந்து மலையிறங்கிச் செல்வோர் காணும் மகியங்கனையிலே சத்தன் என்னும் தமிழ்த் தலைவனை வென்று, அங்கிருந்த தூபத்தின்மேற் பெருந்தூபம் எழுப்பினான். இறுதியில் அநுராதபுரத்தின் தென்வாயிலில், 44 ஆண்டுகள் நடுவுநிலை வழுவாது ஆண்ட முதியவனாகிய எல்லாளன், யானைப்போரில் அவன் கையால் வீழ்ந்தான். கைமுனு ஊராரைக் கூட்டிப் பகைவனுக்கு ஈமக்கடன் ஆற்றினான். நினைவுச் சின்னம் எடுத்து வழிபடப் பணித்தான். பின்வந்த அரசரும் அவ்விடத்தைக் கடக்கையில் இன்னியம் நிறுத்தினர் எனக் காவியம் கூறும்.

இனி அந்த இரவு. மாளிகையின் மேனிலத்தில் ஆடலும் பாடலும் சூழ வீற்றிருந்த மன்னன், தான் பெற்ற திருவை எண்ணினான், மகிழ்ச்சி வரவில்லை. அக்குரோணிக் கணக்கில் மடிந்த உயிர்களே நினைவில் நின்றன. அவன் உள்ளம் அறிந்து பியங்குத் தீவிலிருந்து எட்டு அருகதர் வந்தனர். மும்மணியிற் சரண் புகுந்தான் ஒருவன், ஐந்து சீலமும் ஏற்றான் ஒருவன். இவர்களைக் கணக்கிட்டால் மாண்டவர் ஒன்றரை மாந்தரே. எஞ்சியோர் விலங்கொப்பர் எனத் தேற்றினர்.

அசோகனை இங்கு நினையாதிருத்தல் இயலாது. கைமுனுவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னர்க் கலிங்கத்தை வென்ற அவன், மாண்டவர் ஓரிலக்கம், நாடு கடத்தப்பட்டோர் ஒன்றரை இலக்கம் எனக் கல்லிற் பொறித்து வருந்தினான். அங்கே பகைவரின் இழப்பு எண்ணப்பட்டது. இங்கே எண்ணிக்கை சுருக்கப்பட்டது. நம் புறநானூற்றிலோ, போர்ப்புறத்தே சேரனும் சோழனும் ஒருங்கே மடிந்தபோது கழாத்தலையாரும் பரணரும் எப்பக்கமும் சாராது இரங்கினர்.

எனினும் அருகதர் ஆறுதலை மன்னனின் செயலே மறுத்துவிட்டது. விலங்கென்று கருதிய ஒருவனுக்கு எவரேனும் இன்னியம் நிறுத்துவரோ? மனிதரைக் கொன்றதாக உணர்ந்தவனுக்கே துயில் கெடும். ஆறுதலைப் பாடிய புலவர் துயிலாமையையும் மறைக்காது விட்டது அக்காவியத்தின் பெருமை.

அதன்பின் மன்னன் மிரிசவெட்டியும் உலோகப்பிராசாதமும் அமைத்தான். உருவன்வெலித் தூபத்தை முற்றக் காணும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. முடியாத பகுதியைத் தம்பி வெண்துகிலால் மூடிக் காட்ட, அதனை நோக்கியவாறே கி.மு. 137 இல் உயிர் நீத்தான்.

ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழர் 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைக்க வந்தவரின் வழியினர். அப்பழம்போரில் அவர்க்குப் பங்கில்லை. ஆயினும் 1983 யூலையில் பதுளை எரிந்தபோது, மாற்றாரை மாந்தர் அல்லர் எனக் கொள்ளும் கணக்கு எத்துணைக் கொடியது என்பதை அவர் கண்டனர். எனவே, ஆசிரியர் எம்மொழியில் கற்பிப்பினும், கைமுனுவின் வெற்றியோடு அவன் துயிலா இரவையும் மாணவர்க்கு உரைத்தல் வேண்டும். வெற்றியை மட்டும் கற்றவன் வரலாற்றிற் பாதியே கற்றவன்.