கண் நோய்க்கும் கணக்கு எழுதிய மன்னர்

நாற்பது வயதைக் கடந்த நம் வியாபாரிகள் பலருக்கு ஓர் அனுபவம் உண்டு. பேரேட்டை எடுத்தால் இலக்கங்கள் கலங்குகின்றன. கையை நீட்டிப் பிடித்தால்தான் தெளிகின்றன. வெள்ளெழுத்து என்றும் சாளேசுவரம் என்றும் நம் பெரியோர் இதற்குப் பெயரிட்டனர். கண்ணைப் பற்றிய நினைவோடு, நம்மில் பலருக்குப் பூர்வீகமாகிய தஞ்சைச் சீமையின் மன்னர் இரண்டாம் சரபோஜியின் வரலாற்றை ஜொகூர் வாழ் சகோதரர்கள் முன் வைக்கிறோம்.

நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டுவித்த பிரதாபசிங்கின் மைந்தர் துளஜா மன்னர். அவர் 1787-ல் சுவீகாரம் எடுத்த பிள்ளையே சரபோஜி, பிறந்தது 1777-ல். துளஜா அவ்வாண்டே காலமாக, சிற்றப்பன் முறையான அமர்சிங் அரியணையைக் கைக்கொண்டார். பாதிரியார் சுவார்ட்ஸின் ஆதரவில் வளர்ந்த சிறுவர், 1793-ல் சென்னை சென்று ஆங்கிலமும் புதிய சாஸ்திரங்களும் பயின்றார். 1798-ல் பட்டம் கிடைத்தது. ஆனால் மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கம்பெனியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னருக்கு மிஞ்சின.

முதல் போன வியாபாரி மூலையில் முடங்குவதுண்டு. சரபோஜி முடங்கவில்லை. அரசாட்சி போனாலும் அறிவு போகாது என்பதை வாழ்ந்து காட்டினார். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார், அச்சுக்கூடம் நிறுவினார், தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையை நடத்தினார். அங்கே சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இடம் பெற்றன. மருந்து எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அவர் பார்க்கவில்லை. நோய் தீர்ந்ததா என்றே பார்த்தார்.

கண் வைத்தியத்தில் அவருக்குத் தனி ஈடுபாடு. கண் நோயாளிகளின் விவரங்களையும் செய்த சிகிச்சையையும் எழுதி வைக்கச் செய்தார். நோயுற்ற கண்களை ஓவியர்களைக் கொண்டு வர்ணத்தில் தீட்டவும் செய்தார். நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகள் மோடி எழுத்திலும் ஆங்கிலத்திலும் இன்றும் அந்நூலகத்தில் உள்ளன. கண்புரைக்குச் செய்த ரணசிகிச்சையும் அவற்றில் இடம் பெறுகிறது.

கண்புரை என்பது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மங்கிப் போவது. அந்த வில்லைக்கு மற்றொரு வேலையும் உண்டு. தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது அது தட்டையாக இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது, அதைச் சுற்றியுள்ள வளையத் தசை சுருங்குகிறது. வில்லையை இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய நார்கள் தளர்கின்றன. வில்லை தானாகவே புடைத்து, ஒளியை அதிகமாக வளைத்து, எழுத்தை விழித்திரையில் தெளிவாக விழச் செய்கிறது. வயது ஏற ஏற வில்லை இறுகிப் புடைக்க மறுக்கிறது. இதுவே வெள்ளெழுத்து.

கண்ணின் வில்லையே இவ்விதம் மாறுகிறது என்று தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் 1801-ல், தம் கண்ணை வைத்தே சோதித்து நிறுவினார். தசையும் நாரும் இயங்கும் விதத்தை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-ல் விளக்கினார். சரபோஜியோ 1832-லேயே காலமாகிவிட்டார். அக்காலத்தில் புரை விழுந்த வில்லையை அகற்றினால் அதன் இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. வெளிச்சம் திரும்பும்; ஆனால் தடித்த கண்ணாடி இன்றி எழுத்துத் தெரியாது. செயற்கை வில்லையை லண்டனில் ஹாரல்ட் ரிட்லி முதன்முதலாகப் பொருத்தியது 1949-ல். இன்று பொதுவாகப் பொருத்தப்படும் வில்லையும் இயற்கை வில்லையைப் போலப் புடைப்பதில்லை. ஆகையால் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

இம்மன்னரிடம் நாம் கற்க வேண்டியது யாது? கண் மங்கினால் எல்லாம் வெள்ளெழுத்து என்று எண்ணி, பசார் மாலாமில் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வோர் நம்மில் உண்டு. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதும், கண்ணழுத்தம் நரம்பை அரிப்பதும் வலியின்றியே நடக்கும். அவற்றால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. வருடந்தோறும் கடையின் இருப்பை எண்ணிப் பார்க்கும் நாம், அதே ஒழுங்கோடு கண்ணையும் வைத்தியரிடம் காட்டிக் குறித்து வைப்போமாக. நாட்டை இழந்த மன்னர் பிறர் கண்ணுக்குக் கணக்கு எழுதினார். நம் கண்ணுக்கு நாமே கணக்கு எழுதத் தவறலாமா?