பொன் தேடியவர் கண்ட ஒலி

முகத்துவாரக்குப்பத்தில் வாழும் எங்களுக்கு ஓசை புதிதன்று. கடலின் இரைச்சலைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆயினும் பாஸ்கா இரவில், வானவர் கீதம் தொடங்கும் வேளையில், டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் ஓங்கி அடிக்கும் க்ராஷ் சிம்பலின் ஒலி எங்களைச் சிலிர்க்க வைக்கும். அந்த வட்டத் தகட்டுக்குப் புகழ் தேடித் தந்தவர் யார் என்று அறிய விரும்பினோம். அவர்தான் அவெடிஸ் சில்ஜியன்.

அவர் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் வாழ்ந்த ஆர்மீனியர். ஆர்மீனியர் நமக்கு அந்நியரல்லர். செவ்வாய்தோறும் நம் தாய்மார் புனித அந்தோணியாரை வேண்டச் செல்லும் அரண்மனைக்காரத் தெருவின் பெயரே, ஆர்மீனியர் தெரு என்பதன் திரிபாகும். அவர்கள் 1772-இல் கட்டிய ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

அவெடிஸ் ஓர் இரசவாதி. மலிவான உலோகங்களைப் பொன்னாக்குவதே அவர் கனவு. பலவற்றை உருக்கிக் கலந்து பார்த்தார், பொன் கிடைக்கவில்லை. ஆனால் 1618-இல் செம்பும் வெள்ளீயமும் சிறிதளவு வெள்ளியும் சேர்ந்த ஒரு வெண்கலம் அவர் கைக்கு வந்தது. வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கானால் வெண்கலம் கணீரென்று ஒலிக்கும். ஆனால் எளிதில் உடைந்தும் போகும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால்தான் சுத்தியலுக்கு இணங்கும். இப்பக்குவத்தை நம் முன்னோரும் அறிந்திருந்தனர் என்பதற்கு ஆதிச்சநல்லூர் வெண்கலப் பாத்திரங்களே சான்று. அவெடிஸோ அந்த வெண்கலத்தை மெல்லிய தாளங்களாக அடித்தெடுத்தார்.

சுல்தான் இரண்டாம் ஒஸ்மான் அவற்றின் ஒலியில் மகிழ்ந்து அவருக்கு 80 பொற்காசுகள் அளித்தார் என்பது குடும்ப வரலாறு. பொன் தேடியவருக்குப் பொன்னும் வந்தது! சில்ஜியன் என்னும் பெயரும் வந்தது. தாளம் செய்பவரின் வழிவந்தவர் என்பது அதன் பொருள். சுல்தானின் போர்ப்படை வாத்தியக்காரர்கள் அத்தாளங்களை முழக்கினர். 1623-இல் அவெடிஸ் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

கலவையின் இரகசியம் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள்ளேயே காக்கப்பட்டது. 1929-இல் அதே பெயர் கொண்ட வழித்தோன்றல் ஒருவர் அமெரிக்காவின் குவின்சி நகரில் தொழிலைத் தொடங்கினார். ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களின் விருப்பத்தைக் கேட்டுத் தகட்டை இன்னும் மெல்லியதாக்கினார். ஒரே அடியில் வெடித்தெழுந்து அடங்கும் க்ராஷ் சிம்பல் அவ்வாறு பெயர் பெற்றது.

எங்கள் தந்தையர் மீனுக்கு வலை வீசிச் சில நாள் நண்டோடு மட்டும் திரும்புகின்றனர். அன்று எங்கள் அடுப்பை எரிய வைப்பது அந்த நண்டுதான். பொதுத்தேர்வு முடிந்தபின் எங்களுள் சிலருக்கு விரும்பிய படிப்பு கிடைக்கலாம். சிலருக்குக் கிடைக்காமலும் போகலாம். அன்று வெறுங்கையோடு நிற்கிறோம் என்று கலங்காமல், கைக்கு வந்ததைத் தட்டிப் பார்ப்போம். அதிலும் ஓர் ஒலி இருக்கும்.